சீசன் நான்கு மாதம், வாடகை பன்னிரண்டு மாதம்: கோத்தகிரியிலிருந்து ஒரு சாக்லேட் தொழில்

கேள்வி: "கோத்தகிரி பக்கம் கொஞ்சம் தேயிலைத் தோட்டம் இருக்கிறது. பச்சைத் தேயிலை விலையை மட்டும் நம்பிக் குடும்பம் நடத்த முடியவில்லை. நானும் அண்ணியும் ஒருநாள் வகுப்பில் ஹோம்மேட் சாக்லேட் செய்யக் கற்றுக்கொண்டோம். கையில் 3 லட்சம் ரூபாய் இருக்கிறது. ஊட்டியில் ஒரு சின்னக் கடை மாதம் 18,000 வாடகைக்கு வருகிறது, அட்வான்ஸ் ஒன்றரை லட்சம். ஏப்ரல் சீசனுக்குள் திறந்துவிடலாமா? ஏற்கெனவே இத்தனை கடைகள் இருக்கும்போது எங்களுக்கு இடம் உண்டா?"

தொழிலைத் தொடங்குங்கள். கடையை மட்டும் இந்த வருடம் எடுக்காதீர்கள்.

இடம் உண்டா என்று கேட்டீர்கள். ஊட்டியில் சாக்லேட் போர்டு மாட்டியிருக்கும் கடைகளில் பல தாங்களே சாக்லேட் செய்வதில்லை, வாங்கி விற்கின்றன. கடை திறந்தால் அவர்கள் உங்களுக்குப் போட்டி. சரக்கு செய்து கொடுத்தால் அதே கடைக்காரர்கள் உங்கள் வாடிக்கையாளர்கள். 3 லட்சம் முதல் உள்ளவர்கள் எந்தப் பக்கம் நிற்க வேண்டும் என்பதைக் கணக்கே சொல்லிவிடும்.

பாதாம், முந்திரி, உலர்திராட்சை போட்ட சாக்லேட் 10 கிலோ செய்வதாக வைத்துக்கொள்வோம். விலைகள் மாதிரிக்குத்தான், வாங்கும் அன்றைய விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளுங்கள். காம்பவுண்டு (கோகோ வெண்ணெய்க்குப் பதில் வேறு கொழுப்பில் செய்த சாக்லேட் கட்டி) 8 கிலோ, கிலோ 400 வீதம் 3,200. பாதாமும் முந்திரியும் 1.4 கிலோ, 900 வீதம் 1,260. திராட்சை 600 கிராம், 240. மூலப்பொருள் மட்டும் 4,700 ரூபாய். பாத்திரத்தில் ஒட்டுவது, உடைவது, சுவை பார்ப்பது என்று 3 விழுக்காடு போகும்: 140. கால் கிலோ அட்டைப்பெட்டி 40, ஒன்று 14 ரூபாய் என்றால் 560. ஃபாயில் தாள் 150. ஒருவர் ஒருநாள் கூலி 600. மின்சாரம் 80. எல்லாம் கூட்டினால் 6,230, அதாவது கிலோவுக்கு 623 ரூபாய். கூலியைச் சேர்க்காமல் விடாதீர்கள். "நாமே செய்கிறோம், கூலி எதற்கு" என்று விட்டுவிட்டால், நாளை ஆள் வைக்கும்போது லாபம் காணாமல் போகும், எங்கே போனது என்றும் தெரியாது.

கிலோ 1,200க்கு நீங்களே கடையில் விற்றால் கிலோவுக்கு 577 நிற்கும். வருட வாடகை 2,16,000. விற்பனைக்கு ஒரு ஆள் மாதம் 12,000 என்றால் 1,44,000. கரண்ட், சில்லறைச் செலவு மாதம் 3,000 வீதம் 36,000. ஆக 3,96,000. இதை 577ஆல் வகுத்தால் 686 கிலோ. அத்தனையும் விற்ற பிறகுதான் உங்கள் முதல் ரூபாய் லாபம். அதில் 60 விழுக்காடு சீசனின் நான்கு மாதத்தில் போக வேண்டும் என்றால் தினமும் 14 பெட்டி. பார்க்கச் சின்ன எண்தான். ஆனால் 120 நாளும் விடாமல், மழை பெய்யும் செவ்வாய்க்கிழமையிலும் அந்த 14 போக வேண்டும். ஆள் நடமாட்டம் அப்படி இருக்கிற இடத்தில் கடை 18,000க்கு வராது. வந்தால் ஏன் வருகிறது என்று பக்கத்துக் கடைக்காரரிடம் ஜூலை மாதத்தில் போய்க் கேளுங்கள், ஏப்ரலில் கேட்காதீர்கள்.

இன்னொன்றையும் கணக்கில் வையுங்கள். 2024 மே 7 முதல் உயர் நீதிமன்ற உத்தரவுப்படி ஊட்டிக்கும் கொடைக்கானலுக்கும் இ-பாஸ் வந்துவிட்டது. 2025 ஏப்ரல் முதல் ஜூன் வரை ஊட்டிக்கு வார நாட்களில் 6,000 வண்டி, வார இறுதியில் 8,000 வண்டி என்று உச்சவரம்பும் போட்டார்கள். "மலர்க் கண்காட்சி நேரத்தில் கூட்டம் பிய்த்துக்கொண்டு போகும், அதில் வாடகையை எடுத்துவிடலாம்" என்ற பழைய நம்பிக்கைக்கு இனி ஒரு மேல்கூரை உண்டு.

சரக்கு செய்து கடைக்குக் கொடுத்தால்? 1,200 விற்பனை விலையில் கடைக்காரருக்கு 30 விழுக்காடு, 360 போனால் உங்களுக்கு 840. செலவு 623 போக 217. முதல் வருடம் 300 கிலோ கொடுத்தால் 65,000 ரூபாயும், கூலியாக உங்களுக்கே எழுதிக்கொண்ட 18,000மும் வரும். பெரிய தொகை இல்லை. ஆனால் ஒன்றரை லட்சம் அட்வான்ஸில் முடங்காது. தொழிலைக் கற்றுக்கொள்ளும் வருடத்துக்குச் சம்பளத்தோடு படிப்பு என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இனி சரக்கு. ஒருநாள் வகுப்பில் பெரும்பாலும் காம்பவுண்டை உருக்கி மோல்டில் ஊற்றத்தான் சொல்லிக்கொடுப்பார்கள். அது தப்பில்லை, ஆனால் கையில் இருப்பது என்ன பொருள் என்று தெரிந்திருக்க வேண்டும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக வேறு தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைக்கொட்டைக் கொழுப்பு இருக்கும். உருக்கி ஊற்றினால் தானே இறுகிப் பளபளக்கும், டெம்பரிங் வேண்டாம். கூவர்ச்சர் என்று விற்கிற அசல் சாக்லேட்டில் கோகோ வெண்ணெய். அது ஆறு விதமான படிகங்களாக இறுகக்கூடியது; அதில் ஐந்தாவது வகைதான் பளபளப்பும், உடைக்கும்போது 'டக்'கென்ற ஓசையும், வாயில் போட்டதும் கரையும் தன்மையும் தருவது. அந்த வகையை மட்டும் வரவழைக்கிற வேலைதான் டெம்பரிங்.

டார்க் சாக்லேட் ஒரு கிலோ எடுத்தால் 700 கிராமை 45 முதல் 48 டிகிரி வரை உருக்குங்கள். மீதி 300 கிராமைப் பொடியாக நறுக்கி மூன்று தவணையாகப் போட்டுக் கிளறிக்கொண்டே 31, 32 டிகிரிக்குக் கொண்டுவாருங்கள். மில்க் சாக்லேட்டுக்கு இறுதிச் சூடு 29, 30. ஒயிட்டுக்கு 28, 29. கையால் தொட்டுப் பார்த்துச் சூடு சொல்லும் வித்தை இதில் செல்லாது, டிஜிட்டல் தெர்மாமீட்டர் வாங்கியே ஆக வேண்டும். கத்தி நுனியை முக்கி எடுத்து வைத்தால் 20 டிகிரி அறையில் மூன்று முதல் ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுக வேண்டும். கோத்தகிரியில் ஜனவரிக் காலையில் இந்தச் சோதனை பொய் சொல்லும். அறை 13, 14 டிகிரியில் இருந்தால் டெம்பர் ஆகாததும் சீக்கிரம் இறுகிவிடும். இரண்டு நாள் கழித்து வெள்ளை பூக்கும். மோல்டும் அப்படித்தான். குளிர்ந்த மோல்டில் ஊற்றினால் தொட்ட இடம் மட்டும் உடனே இறுகி மேற்பரப்பு மங்கும், கோடு விழும். மலைக்குளிர் சாக்லேட்டுக்கு வரப்பிரசாதம் என்று சொல்வார்கள், பாதிதான் உண்மை. அறையை 18 முதல் 20 டிகிரியிலும் மோல்டை 20, 22 டிகிரியிலும் வைத்துக்கொள்ள நம் ஊரில் ஹீட்டர்தான் வேண்டியிருக்கும், ஏசி இல்லை.

புதிதாக வருகிறவர்கள் அதிகம் செய்கிற தவறு, சுவைக்குக் கொஞ்சம் கூவர்ச்சர், விலைக்குக் கொஞ்சம் காம்பவுண்டு என்று கலப்பது. இரண்டு கொழுப்பும் ஒன்றோடொன்று சேராது. கலந்தது இளகிக் கிடக்கும், சில வாரத்தில் சாம்பல் பூத்துவிடும். ஒன்று அது, இல்லையென்றால் இது. பாத்திரமும் கரண்டியும்கூடத் தனித்தனி.

இரண்டாவது எதிரி தண்ணீர். உருகிய சாக்லேட்டில் ஒரு சொட்டு விழுந்தால் அதிலுள்ள சர்க்கரைத் துகள்கள் ஈரத்தைப் பிடித்து ஒன்றோடொன்று ஒட்டி, மொத்தமும் ஈரமண் போலக் கட்டியாகிவிடும். கொதிநீர்ப் பாத்திரத்தின்மேல் வைத்து உருக்கும்போது ஆவிதான் உள்ளே வரும். மேல் பாத்திரம் கீழ்ப் பாத்திரத்தைவிட அகலமாக இருக்கட்டும், தண்ணீர் கொதிக்கவே வேண்டாம். மைக்ரோவேவ் என்றால் பாதி சக்தியில் 30 நொடி, வெளியே எடுத்துக் கிளறல், மறுபடி 30 நொடி. கட்டியாகிவிட்டதைத் தூக்கிப் போட வேண்டாம், சூடான பாலில் கரைத்து வீட்டுக்குச் சாஸாக்கலாம். விற்பனைக்கு மட்டும் ஆகாது.

பாதாம், முந்திரியை 150 டிகிரியில் 10, 12 நிமிடம் வறுத்து, முழுக்க ஆறவிட்ட பிறகே சேர்க்க வேண்டும். இளஞ்சூட்டில் போட்டால் பக்கத்திலிருக்கும் கொழுப்பு மறுபடி உருகி அந்த இடம் மட்டும் வெளுக்கும். வறுபடாமல் ஈரம் இருந்தால் விளைவு இன்னும் மோசம்: காம்பவுண்டில் இருக்கும் பனைக்கொட்டைக் கொழுப்பு ஈரத்தோடு சேர்ந்து நாளாவட்டத்தில் சிதையும்போது சோப்பு வாடை வரும். சீசன் முடிந்து மிச்சமான சரக்கு தீபாவளிக்குள் சோப்பு மாதிரி இருக்கிறது என்று வாடிக்கையாளர் சொன்னால் அவர் மிகைப்படுத்தவில்லை.

ஈரப்பதம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் ஊட்டிக்குச் சொல்வது கோத்தகிரிக்கு அப்படியே பொருந்தாது. ஊட்டிக்கு மேற்கே அவலாஞ்சி, நடுவட்டம், கூடலூர் பக்கம் தென்மேற்குப் பருவமழை கொட்டும். கோத்தகிரி, குன்னூருக்கு வடகிழக்கு, அதாவது அக்டோபர், நவம்பர். உங்கள் அறையில் காற்றின் ஈரப்பதம் 55 விழுக்காட்டுக்குள் இருக்க வேண்டும். ஐப்பசி அடைமழையில் அது 90ஐத் தாண்டும். அந்த நாளில் ஃப்ரிட்ஜிலிருந்து மோல்டை எடுத்ததும் சாக்லேட்மேல் பனி படியும், சர்க்கரை கரையும், காய்ந்ததும் சொரசொரப்பாக வெள்ளை நிற்கும். விரலால் தேய்த்துப் பாருங்கள்: வழுவழுப்பாக மறைந்தால் கொழுப்பு பூத்தது, டெம்பரிங் தவறு. சொரசொரவென்று மறையாமல் நின்றால் சர்க்கரை பூத்தது, ஈரத்தின் வேலை. இரண்டுக்கும் மருந்து வேறு வேறு. ஒரு ஈரப்பதமானி சில நூறு ரூபாய்தான். ஈரம் உறிஞ்சும் டிஹியூமிடிஃபையர் வாங்குவது ஃப்ரிட்ஜை விடவும் முக்கியம். குளிரவைத்த சாக்லேட்டை மூடிய டப்பாவிலேயே அறைச் சூட்டுக்கு வரவிட்டுப் பிறகு திறங்கள்.

பத்து கிராம் சாக்லேட் என்றால் 10 கிலோவுக்கு ஆயிரம் துண்டு. ஒரு மோல்டில் 15 குழி, 20 மோல்டு இருந்தால் மூன்றரைச் சுற்றுக்குள் ஊற்றி முடித்துவிடலாம். நேரத்தைத் தின்பது ஃபாயில் சுற்றுவது. தாளை வைத்து, துண்டை நடுவில் குப்புறப் போட்டு, நான்கு மூலையையும் மடக்கி, கட்டைவிரலால் ஒரு நீவு. பழகிய கைக்குப் பத்து நொடி. ஆயிரத்துக்கு இரண்டே முக்கால் மணி நேரம். கை சூடாக இருப்பவர்கள் சுற்றினால் விரல் ரேகை பளபளப்பில் பதிந்துவிடும். பருத்திக் கையுறை போடச் சொல்லுங்கள். இந்த ஒரு வேலையைத் தவிர்க்கவே பலர் 50 கிராம், 100 கிராம் பட்டைகளுக்கு மாறுகிறார்கள். நீங்களும் பாதிச் சரக்கைப் பட்டையாகச் செய்தால் கூலி கணிசமாகக் குறையும்.

அடுத்து, ஊட்டியில் விற்கிற சாக்லேட் ஊட்டியில் தின்னப்படுவதில்லை என்பதை மறக்கக் கூடாது. காரின் பின்பக்கத்தில், துணிப்பைக்கு அடியில் கிடந்து, கொண்டை ஊசி வளைவெல்லாம் இறங்கி, மேட்டுப்பாளையத்து வெயிலில் டீக்கு நின்று, ஈரோட்டிலோ திருச்சூரிலோ பிரிக்கப்படுகிறது. கோகோ வெண்ணெய் 33, 34 டிகிரியில் உருகும். மூடிய காருக்குள் சித்திரை மத்தியானம் அதைவிட எவ்வளவோ அதிகம். ஆகவே ஒவ்வொரு வகையிலும் இரண்டு பெட்டியை ஒரு ஏப்ரல் மத்தியானம் மேட்டுப்பாளையத்தில் வண்டியில் மூன்று மணி நேரம் விட்டுவையுங்கள். இரவு ஆறவிட்டுக் காலையில் பிரித்துப் பாருங்கள். வடிவம் போனதா, ஃபாயிலில் ஒட்டியதா, வெளுத்ததா என்று எழுதிவையுங்கள். சீசனுக்கு எந்த வகையை முன்னால் வைப்பது என்று இந்தச் சோதனையே முடிவுசெய்யும். அநேகமாகப் பருப்பு நிறைந்த காம்பவுண்டு தேறும். கூவர்ச்சரைக் குளிர்காலத்துக்கும் ரிசார்ட்டுகளுக்கும் ஒதுக்குங்கள். கிரீம் சேர்த்த டிரஃபிளைச் சுற்றுலாப் பயணிக்கு விற்கவே வேண்டாம். ஃப்ரிட்ஜில் வைத்தாலே இரண்டு வாரத்துக்குள் தின்ன வேண்டிய பொருள் அது.

காற்றடைத்த பைகளிலும் மலை ஒரு வேடிக்கை காட்டும். கீழேயிருந்து வருகிற சிப்ஸ் பாக்கெட் இங்கே உப்பி நிற்பதைப் பார்த்திருப்பீர்கள். இங்கே சீல் செய்த பை கீழே இறங்கியதும் காற்றழுத்தம் கூடி ஒடுங்கித் தொங்கும், வாங்கியவருக்குப் பழைய சரக்கு போலத் தோன்றும். அட்டைப்பெட்டியில் அந்தத் தொல்லை இல்லை. நெகிழிக் கட்டுப்பாடு நீலகிரியில் கடுமையாக இருப்பதாலும் அட்டையும் காகிதப் பையுமே நல்லது. மழைக்காலத்தில் அட்டை நமுத்துப்போகும் என்பதால் உள்ளே எண்ணெய் ஒட்டாத் தாள் ஒரு சுற்று.

லேபிளில் நிறையப் பேர் மாட்டுகிறார்கள். கோகோ வெண்ணெய் அல்லாத தாவரக் கொழுப்பு 5 விழுக்காட்டைத் தாண்டினால் அந்தப் பொருளைச் சாக்லேட் என்று அழைக்க உணவுப் பாதுகாப்பு விதி இடம் தருவதில்லை. காம்பவுண்டில் செய்ததற்குப் பெட்டியில் பெரிதாக "சாக்லேட்" என்று அச்சடித்தால் சோதனையில் முதலில் பதில் சொல்ல வேண்டியவர் நீங்கள்தான். கடைத்தெருவில் எல்லோரும் எப்படி அழைக்கிறார்கள் என்பது அங்கே எடுபடாது. பொருளின் பெயர், சேர்மானங்கள் அளவு இறங்குவரிசையில், ஊட்டச்சத்து அட்டவணை, பச்சைச் சைவக் குறி, பால், பருப்பு, சோயா ஒவ்வாமை எச்சரிக்கை, ஃபாயில் எடை சேர்க்காத நிகர எடை, பேட்ச் எண், தயாரித்த நாள், காலாவதி நாள், எல்லா வரியும் சேர்ந்த அதிகபட்ச விலை, முகவரி, புகார் சொல்லத் தொலைபேசி எண், 14 இலக்க உரிம எண் எல்லாம் வேண்டும். அச்சுக்குக் கொடுக்குமுன் மாதிரியை உணவுப் பாதுகாப்பு அலுவலரிடம் காட்டிவிடுங்கள். முதல் வருடம் பெட்டியில் எதையும் அச்சடிக்காதீர்கள். வெற்றுப் பெட்டி, மேலே ஸ்டிக்கர். விலை மாறும், சேர்மானம் மாறும், ஐயாயிரம் பெட்டி குப்பைக்குப் போகக் கூடாது. 2024இல் உலகச் சந்தையில் கோகோ விலை தாறுமாறாக ஏறியபோது பெட்டியிலேயே விலை அச்சடித்து வைத்திருந்தவர்கள் கையைப் பிசைந்திருப்பார்கள்.

உணவுப் பாதுகாப்புப் பதிவு ஃபாஸ்காஸ் (FoSCoS) என்ற அரசு இணையதளத்தில். சிறு தயாரிப்பாளருக்கான பதிவுக் கட்டணம் வருடம் 100 ரூபாய்தான்; வெகுகாலமாக 12 லட்சம் விற்றுமுதல்தான் பதிவுக்கும் உரிமத்துக்கும் எல்லைக்கோடாக இருந்தது, விண்ணப்பிக்கும் அன்று தளத்தில் உள்ள எல்லையைப் பார்த்துக்கொள்ளுங்கள். சிறுதொழில்களுக்கான உத்யம் பதிவு இலவசம், அதற்குப் பணம் கேட்கிறவரிடம் போகாதீர்கள். எடைத்தராசுக்கு வருடாவருடம் முத்திரை வேண்டும். ஜிஎஸ்டி, மாநிலத்துக்குள் மட்டும் விற்றால் 40 லட்சம் வரை தேவைப்படாது. ஆனால் பாலக்காட்டு வாடிக்கையாளருக்கு ஒரே ஒரு பார்சல் அனுப்பினாலும் மாநிலம் தாண்டிய விற்பனை, பதிவு கட்டாயம். 2025 செப்டம்பர் 22 முதல் சாக்லேட்டுக்கு வரி 18இலிருந்து 5 விழுக்காடாகக் குறைந்துவிட்டதால் பதிவு எடுப்பது முன்போலச் சுமையில்லை.

கடன் வாங்கும் எண்ணம் இருந்தால் ஒன்றைச் சாமான் வாங்குவதற்கு முன்பே தெரிந்துகொள்ளுங்கள். பிரதமரின் வேலைவாய்ப்பு உருவாக்கும் திட்டத்தில் கிராமப்புறத்தில் தொழில் தொடங்கும் பெண்களுக்கு மானியம் 35 விழுக்காடு, சொந்தப் பங்கு 5 விழுக்காடு. ஆனால் அது புதிதாகத் தொடங்கும் தொழிலுக்கு. முதலில் ஃப்ரிட்ஜும் மேசையும் வாங்கி உற்பத்தி தொடங்கிவிட்டுப் பிறகு விண்ணப்பித்தால் "ஏற்கெனவே நடக்கும் தொழில்" என்று தள்ளிவிடுவார்கள். மானியம் கைக்கும் வராது. வங்கியில் மூன்று வருடம் உங்கள் கடன் கணக்கின் பேரில் வைப்பாகக் கிடந்து, தவணை ஒழுங்காகக் கட்டியிருந்தால் கடைசியில் வரவு வைக்கப்படும். இந்த வருட ஒதுக்கீடு இருக்கிறதா என்று ஊட்டியில் மாவட்டத் தொழில் மையத்தில் கேட்டுவிட்டு முடிவெடுங்கள். என் அபிப்பிராயம், முதல் வருடம் கடனே வேண்டாம்.

கையிலுள்ள 3 லட்சத்தை ஏறக்குறைய இப்படிப் பிரிக்கலாம்: பாலிகார்பனேட் மோல்டு 30, தலா 450 வீதம் 13,500. உருக்கும் கலம் இரண்டு 15,000. இதற்கென்றே ஒரு ஃப்ரிட்ஜ் 25,000. மீன் குழம்பு இருக்கும் ஃப்ரிட்ஜில் வைத்தால் சாக்லேட்டும் மீனாகிவிடும், கொழுப்பு வாடையை அப்படி இழுக்கும். டிஹியூமிடிஃபையர் 18,000. தெர்மாமீட்டர், ஈரப்பதமானி 2,000. தராசு 5,000. எவர்சில்வர் மேசை 12,000. பெட்டி, ஸ்டிக்கர் 25,000. பதிவுகள் 5,000. இரண்டு மாத மூலப்பொருள் 60,000. மொத்தம் 1,80,500. மீதி 1,19,500 வங்கியில் இருக்கட்டும். கடைக்காரர் பணம் தராமல் இழுக்கும் மாதங்களுக்கான மூச்சுக்காற்று அது.

இழுப்பார்கள். "வைத்துவிட்டுப் போங்கம்மா, விற்றதும் தருகிறேன்" என்பதுதான் முதல் பேச்சு. முதல் முறை பத்துப் பெட்டி அப்படி வைக்கலாம், பழக்கத்துக்காக. இரண்டாம் முறை போகும்போது முந்தியதுக்குப் பணம் வாங்கிய பிறகே புதுச் சரக்கு இறங்க வேண்டும். எவ்வளவு வைத்தோம் என்று இரண்டு பிரதி டெலிவரி நோட், இருவர் கையெழுத்து. காலாவதி திரும்பல் 10 விழுக்காட்டுக்குமேல் ஏற்க மாட்டோம் என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிடுங்கள். கண்ணாடி அலமாரியில் வெயில் படுகிற இடத்தில் உங்கள் சரக்கை வைக்கிற கடைக்காரர் எவ்வளவு நல்லவராக இருந்தாலும் அவரோடு வியாபாரம் வேண்டாம். வெளுத்த சாக்லேட்டைப் பார்க்கிறவர் கடையைத் திட்டமாட்டார், உங்கள் ஸ்டிக்கரைத்தான் படிப்பார்.

இனி நாட்காட்டி. ஏப்ரல், மே பெரிய சீசன். செப்டம்பர், அக்டோபர் இரண்டாம் சீசன், ஓணமும் தசரா விடுமுறையும் கேரள, கர்நாடக வண்டிகளைக் கொண்டுவரும். இதற்கு நடுவில் மலையில் ஈ ஓட்டுவார்கள். அந்த மாதங்களில் நீங்கள் கீழே பார்க்க வேண்டும். கோயம்புத்தூர், திருப்பூர் கல்யாணங்களில் தாம்பூலப் பையோடு மூன்று துண்டு சின்னப் பெட்டி, மாப்பிள்ளை பெண் பெயர் போட்ட ஸ்டிக்கரோடு. ஐந்நூறு பெட்டி ஆர்டர் ஒன்று என்றால் 1,500 துண்டு, 15 கிலோ ஒரே தடவையில் போகும். பாதிப் பணம் முன்பணமாக வாங்காமல் ஸ்டிக்கர் அச்சடிக்காதீர்கள். கல்யாணத் தேதி தள்ளிப்போனால் அந்தப் பெயரோடு வேறு யாருக்கும் விற்க முடியாது. ஆனியிலும் ஆவணியிலும் தையிலும் முகூர்த்தம் இருக்கும். ஆடியிலும் மார்கழியிலும் கல்யாணம் இல்லை. ஆடியில் மலையில் மழையும் சேர்ந்துகொள்ளும், அந்த மாதத்தை மோல்டு தேய்க்கவும் புது வகைகளைச் சோதிக்கவும் ஒதுக்கிவிடுங்கள். கூடலூர் மிளகு, நம் தேயிலைத்தூள், காப்பி என்று உள்ளூர்ச் சுவைகளை அப்போது செய்து பாருங்கள். பக்கத்துக் கடையில் கிடைக்காத ஒன்று இருந்தால்தான் ரிசார்ட்டுக்காரர் விலை பேசாமல் வாங்குவார். தேயிலைத்தூளை மாவாக அரைத்துச் சேருங்கள், டிகாஷனும் தண்ணீர்தான், ஊற்றினால் என்ன ஆகும் என்று மேலே சொல்லியாகிவிட்டது.

ஐப்பசி பிறப்பதற்குள் மூன்று வாரத்துக்கான காம்பவுண்டும் பெட்டியும் வீட்டில் இருக்க வேண்டும். மண்சரிவில் மேட்டுப்பாளையம் சாலை அடைத்தால் சரக்கு வராது, மரம் விழுந்தால் கரண்டும் இருக்காது. அந்த நேரத்தில்தான் தீபாவளி ஆர்டர் வந்து நிற்கும். கூரியரில் அனுப்புவதைத் திங்கள், செவ்வாயில் முடியுங்கள். வெள்ளிக்கிழமை போட்டால் ஞாயிறு முழுக்கக் கீழே ஏதோ ஒரு தகரக் கிடங்கில் கிடக்கும்.

ஒவ்வொரு பேட்சிலும் 12 துண்டை எடுத்துத் தேதி எழுதித் தனியே வையுங்கள். மாதம் ஒன்றைப் பிரித்துத் தின்று பாருங்கள். எந்த மாதம் சுவை மாறுகிறதோ அதற்கு ஒரு மாதம் முன்னால்தான் உங்கள் காலாவதி நாள். அதுவரை பருப்புச் சேர்த்ததற்கு மூன்று மாதம் என்று போட்டுக்கொள்ளுங்கள்.

கடை ஆசையை முழுக்க விட வேண்டாம். அடுத்த வருடம் பிப்ரவரியில் கணக்கைத் திறந்து பாருங்கள். சீசன் இல்லாத எட்டு மாதத்தில் மட்டும் 250 கிலோ போயிருந்தால் கடை தாங்கும். அப்போதும் பன்னிரண்டு மாத வாடகைக்குச் சம்மதிக்குமுன் கட்டட உரிமையாளரிடம் சீசனுக்கு ஒரு வாடகை, மழைக்கு ஒரு வாடகை என்று கேட்டுப் பாருங்கள். ஜூன் கடைசியில் பூட்டிக் கிடக்கிற கடைக்காரரிடம் பேசினால் ஒத்துக்கொள்வார், ஏப்ரல் முதல் தேதி பேசினால் சிரிப்பார். அட்வான்ஸைத் திருப்பித் தரும் கெடு என்ன, போர்டு, அலமாரி யாருக்குச் சொந்தம் என்பதை ஒப்பந்தத்தில் எழுதி வாங்கிய பிறகு சாவியை வாங்குங்கள்.